குனோங் லேடாங் ஏற 28 பேர்: எங்கிருந்து தொடங்குவது?

பொருளாளர்_ஜெமெந்தா:

எல்லாருக்கும் வணக்கம். ஜெமெந்தா பக்கத்தில் ஒரு தோட்டத்துக் கோயிலின் இளைஞர் பிரிவுக்கு நான்தான் பொருளாளர். செப்டம்பர் 16, மலேசியா தினத்தன்று குனோங் லேடாங் மலையில் ஏறுவதென்று கூட்டத்தில் முடிவாகிவிட்டது. தலைவர் அன்றிரவே வாட்ஸ்அப் குழு திறந்து, "வருகிறவர்கள் பெயர் போடுங்கள்" என்றார். இப்போது 28 பெயர் இருக்கிறது. ஆகச் சின்னவன் படிவம் ஒன்று, அதாவது இடைநிலைப் பள்ளி முதல் வருடம். ஆகப் பெரியவர் என் அம்மா, 54 வயது, இனிப்புநீருக்கு மாத்திரை எடுக்கிறார். செம்பனைக் குலை வெட்டுகிற அண்ணன்கள் ஆறு பேர், கடையில் உட்கார்ந்தே வேலை பார்க்கிறவர்கள் நாலு பேர், மற்றதெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

திட்டம் இதுவரை இப்படி: காலை 7 மணிக்குத் தோட்டத்திலிருந்து பஸ். சாகில் நுழைவாயில் வழியாக ஏற்றம். மதியத்துக்குக் கோழி பிரியாணி. பொலிஸ்டைரின் டப்பாவில் போட்டுத் தருவதாகச் சமையல்கார அக்கா சொல்லியிருக்கிறார். தண்ணீர், சின்னப் போத்தல் இரண்டு பெட்டி. எல்லாருக்கும் ஆரஞ்சு டீ-சட்டை. உச்சியில் கொடி, பேனர், ஒரு சூடம், படம். பிறகு இறங்கி வந்து அருவியில் குளியல்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கணக்குப் புத்தகம் என் கையில் இருப்பதாலோ என்னவோ, எனக்கு மட்டும் தூக்கம் வரவில்லை. பொது விடுமுறைக்கு மறுநாள் அந்த அருவிப் பக்கம் போனால் பாறை இடுக்கில் என்னென்ன கிடக்கும் என்று இந்த வட்டாரத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்ற நாளில் யார் போட்டது என்று தெரியாது. நாங்கள் போன மறுநாள் கிடந்தால், ஆரஞ்சு சட்டைக்காரர்கள் என்று சிகாமட் வரைக்கும் தெரிந்துவிடும்.

மலைக்கும் கெடுதல் வராமல், ஆளுக்கும் ஆபத்து வராமல் இதைச் செய்ய என்ன வழி? வழிகாட்டி கட்டாயமா? குப்பை விஷயத்தில் அங்கே என்ன நடைமுறை? அம்மாவைக் கூட்டிப் போகலாமா? ஏறியவர்கள் சொல்லுங்கள். இதை அப்படியே தலைவருக்குக் காட்டப் போகிறேன், அதனால் கொஞ்சம் கண்டிப்பாகவே எழுதினாலும் பரவாயில்லை.


சிகாமட்_சிங்கம்:

28 பேரா! பழங்கதையில் சுல்தானைக் கட்டிக்கொள்ள லேடாங் இளவரசி போட்ட நிபந்தனைகளில் ஏழு தட்டுக் கொசு இதயமும் ஒன்று. உங்கள் கூட்டம் ஏணிக்குக் கீழே வரிசை பிடித்து நிற்கிற நேரத்தில் அதையாவது சேகரித்துவிடலாம்.

வழியில் 'கே.எஃப்.சி.' என்று ஓர் இடம் வரும். செங்குத்தான ஏற்றம், ஏறுகிறவர்கள் வைத்த பட்டப்பெயர் அது. படிவம் ஒன்று பையனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கோழி என்று நினைத்து முந்திக்கொண்டு ஓடப்போகிறான்.

சரி, உருப்படியாக ஒன்று. சப்பாத்துக்கு நானூறு ஐந்நூறு வெள்ளி செலவழிக்கச் சொல்லி யாராவது மிரட்டினால் கேட்காதீர்கள். பால்மரம் வெட்டுகிறவர்கள் போடுகிற கறுப்பு ரப்பர் சப்பாத்து, அதான் 'அடிடாஸ் கம்போங்', போதும். ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும், சேறானாலும் கழுவி உதறிவிடலாம். உள்ளே தடித்த காலுறை போட வேண்டும், அதைப் போட்டுக்கொண்டே அளவு பாருங்கள். இறங்கும்போது விரல் முன்னால் இடிக்கும், நகத்தை முதல் நாளே வெட்டிவிடுங்கள்.


பழைய_கிராணி:

பொருளாளரம்மா, கண்டிப்பாக எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

தோட்டத்து ஆபீசில் செக்ரோல், அதான் ஆள்களின் வேலைநாள், சம்பளப் பதிவேடு, எழுதியே தலை நரைத்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு, முழங்கால் ஒத்துழைத்த வரைக்கும், மலையேறுகிற கூட்டங்களோடு போய்க்கொண்டிருந்தேன். வழிகாட்டி, குப்பை, அம்மா என்று நீங்கள் கேட்டதற்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டியது ஆள் கணக்கு. 28 என்பது சரிப்படாது.

ஏன் என்று பாருங்கள். லேடாங்கின் மேல்பகுதியில் ஏணியும் கயிறும் உண்டு. ஏணியில் ஒருவர் ஏறி முடித்த பிறகுதான் அடுத்தவர் கால் வைக்க வேண்டும். பழகாதவருக்கு இரண்டு நிமிடம் என்று வைத்தால், 28 பேரும் ஓர் ஏணியைக் கடக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம். இது ஓர் ஏணிக்கு. பொது விடுமுறையில் உங்களுக்குப் பின்னால் இன்னும் நாலு கூட்டம் நிற்கும். பொறுமை கெட்டவன் ஒருவன் ஏணியை விட்டுவிட்டுப் பக்கத்து வேரைப் பிடித்து ஏறுவான், அவன் பின்னால் பத்துப் பேர் ஏறுவார்கள். அடுத்த மழைக்கு அந்த இடம் ஓடையாகிவிடும். நாம் தோட்டத்து ஆள்கள், இதை யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டாம். மறுநடவு செய்த சரிவில் கொடியைப் படர விடுவது எதற்கு? வெறும் மண் தெரிந்தால் மழை அள்ளிக்கொண்டு போய்விடும் என்றுதானே. அதனால் பாதையில் சேறு இருந்தால் சேற்றை மிதித்தே போக வேண்டும். ஓரமாக ஒதுங்கி ஒதுங்கித்தான் ஒற்றையடிப் பாதை லோரி ரோடு ஆகிறது.

ஆகவே பன்னிரண்டு பேர். மிஞ்சிப் போனால் பதினைந்து. நாளும் மலேசியா தினம் வேண்டாம், அதை ஒட்டி ஒரு சாதாரண நாளாகப் பாருங்கள். கொடியோடு படம் வேண்டுமென்றால் தோட்டத்துத் திடலில் எடுத்துக்கொள்ளலாம், அங்கேயும் காற்று அடிக்கிறது. நவம்பருக்குத் தள்ளிவிடாதீர்கள், வடகிழக்குப் பருவமழை வந்துவிடும்.

அடுத்து ஆபீஸ். லேடாங் 1,276 மீட்டர், ஜொகூரிலேயே உயரமான மலை, ஜொகூர் தேசியப் பூங்காக் கழகத்தின் பொறுப்பில் இருக்கிறது. வழிகாட்டி இல்லாமல் உச்சிக்கு விடமாட்டார்கள். முன்பதிவும் வேண்டும். யாரோ எப்போதோ ஃபேஸ்புக்கில் போட்ட கட்டணத்தை வைத்து வரவுசெலவு எழுதாதீர்கள். நேரே பூங்கா ஆபீசுக்குப் போன் செய்து, எத்தனை பேருக்கு ஒரு வழிகாட்டி, பிள்ளைகளுக்கு வயது வரம்பு உண்டா, கடைசியாகப் பாதைக்குள் விடுகிற நேரம் எது, அன்று பாதை திறந்திருக்குமா என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மலாக்காப் பக்கம் ஆசாஹானிலிருந்தும் ஏறுவார்கள். "அந்தப் பக்கமாகப் போனால் யாரும் கேட்கமாட்டார்கள்" என்று எவனாவது சொன்னால் அவன் பெயரை முதலில் வெட்டுங்கள். பதிவில் இல்லாத ஆள் காணாமல் போனால், தேடப் போகிறவர்களுக்கு எங்கே தொடங்குவதென்றே தெரியாது. பயிற்சிக்கு வேறு காட்டுக்குப் போனாலும் இதே கதைதான். நிரந்தர வனப்பகுதிக்குள் அனுமதி இல்லாமல் நுழைந்தால் 1984-ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டத்தில் 10,000 வெள்ளி வரை அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் இருக்கிறது.

குப்பைக்கு வருகிறேன். எனக்கு ஆகப் பிடித்த பகுதி இதுதான். ஏறுவதற்கு முன் நீங்கள் கொண்டுபோகும் சாமான்களை எண்ணிப் பட்டியல் எழுதுவார்கள். இறங்கி வந்ததும் அதே பட்டியலை வைத்துச் சரிபார்ப்பார்கள். ஸ்டோர் கணக்கு எழுதியவனுக்கு இது கண்கொள்ளாக் காட்சி. பிள்ளைகளுக்கு எரிச்சல், ஏனென்றால் வாசலில் ஒவ்வொரு பையையும் கொட்டி எண்ணி முடிப்பதற்குள் வெயில் ஏறிவிடும். அதற்கும் வழி ஆள்களைக் குறைப்பதும் சாமானைக் குறைப்பதும்தான். முதல் நாள் சாயங்காலம் கோயில் மண்டபத்தில் எல்லாரையும் பையோடு வரச் சொல்லுங்கள். பிஸ்கட், மிட்டாய் எல்லாவற்றின் உறையையும் அங்கேயே பிரித்துப் போட்டுவிட்டு டப்பாவில் கொட்டிக்கொள்ளட்டும். பட்டியலையும் அங்கேயே எழுதிவிடுங்கள். காலையில் நீங்கள் அதை நீட்டினால் போதும்.

உங்கள் தண்ணீர்க் கணக்கு உதைக்கிறது. இரண்டு பெட்டி என்றால் 48 போத்தல், அரை லிட்டர் வீதம் 24 லிட்டர். 28 பேருக்கு ஆளுக்கு ஒரு லிட்டர்கூட வரவில்லை. ஏற நாலைந்து மணி நேரம், இறங்க அதற்குச் சற்றுக் குறைவு. நம் சூட்டில் ஆளுக்கு இரண்டரை லிட்டராவது வேண்டும். அதைச் சின்னப் போத்தலில் கொண்டுபோனால் 140 போத்தலும் 140 மூடியும் பட்டியலில் ஏறும், மூடிகளில் பாதி மலையிலேயே தங்கிவிடும். வீட்டில் இருக்கிற பெரிய தண்ணீர்ப் போத்தலையே கொண்டுவரச் சொல்லுங்கள்.

பிரியாணியும் வேண்டாம். காலையில் கட்டியது மதியம் ஒரு மணிக்குப் பைக்குள் வெந்துபோய் வாடை வரும். புளிச்சாதம் கெடாது. அவித்த முட்டை, கச்சான், பேரீச்சம்பழம். எல்லாம் வீட்டுத் தூக்கிலும் டப்பாவிலும். வாழை இலையில் கட்டினால் இலையையும் திருப்பிக் கொண்டுவர வேண்டும், "மக்கிவிடும்தானே" என்கிற பேச்சே இருக்கக்கூடாது.

7 மணிக்குப் புறப்படுவது மிகத் தாமதம். பெரட்டுக்கு, அதான் விடிகாலை ஆள் கணக்கெடுப்புக்கு, எழுந்து பழகிய ஊர் நம்முடையது, 5.30-க்கு வண்டி கிளம்பட்டும். திரும்பும் நேரத்தையும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். நான் போன கூட்டங்களில் ஒரு மணி. ஒரு மணிக்கு எங்கே நிற்கிறோமோ அங்கிருந்து இறக்கம், உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் சரி. காட்டுக்குள் ஆறரைக்கே இருட்டிவிடும். தலைவிளக்கு ஆளுக்கொன்று, கைப்பேசி வெளிச்சம் கணக்கில் சேராது.

மழையை விளையாட்டாக எடுக்காதீர்கள். மைசுவாச்சா (myCuaca) செயலியில் வானிலைத் துறையின் எச்சரிக்கை வரும், காலையில் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். 2021 ஆகஸ்டு 18 அன்று கெடாவில் குனோங் ஜெராய் மேலே பெய்த மழை, கீழே யான் பக்கத்து ஆறுகளில் மரத்தையும் பாறையையும் உருட்டிக்கொண்டு வந்து ஆள்களையே கொண்டுபோனது. மேலே மழை பெய்வது கீழே குளிக்கிறவனுக்குத் தெரியாது. தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, இலையும் குச்சியுமாக வந்தாலோ, இரைச்சல் மாறினாலோ துணியைக்கூட எடுக்காமல் கரையேற வேண்டும். இறங்கி வந்து சாயங்காலம் அருவியில் குளிப்பது என்று எழுதியிருக்கிறீர்களே, இடிமழை வருகிற நேரமும் அதுதான்.

சூடத்தைக் கோயிலிலேயே ஏற்றிக் கும்பிட்டுவிட்டு வாருங்கள். காட்டில் நெருப்பு கூடாது. பேனரை மரத்தில் கட்டவோ ஆணி அடிக்கவோ கூடாது. கட்ட முடியாத பேனரை எதற்குத் தூக்கிக்கொண்டு போவது? பாட்டுப் பெட்டியும் வேண்டாம். மேலே குடுவைச் செடி, அதான் பெரியோக் கெரா, இருக்கும். பறிக்கக் கூடாது. 1854-ல் ஆல்பிரட் வாலஸ் என்ற இயற்கை ஆய்வாளர் மலாக்காவிலிருந்து வந்து இந்த மலையில் ஏறியபோது தண்ணீர் கிடைக்காமல், அந்தக் குடுவைக்குள் பூச்சியோடு கிடந்த நீரைக் குடித்துத்தான் அவரும் கூட வந்தவர்களும் தாகம் தீர்த்திருக்கிறார்கள். அது ஒரு சின்னக் கூட்டம். இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏறுகிறவர்கள் ஆளுக்கொன்று கிள்ளினால் மாத முடிவில் கணக்கு என்ன ஆகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.


பொருளாளர்_ஜெமெந்தா:

கிராணி ஐயா, மிக்க நன்றி. தண்ணீர்க் கணக்கைத் தலைவருக்கு அனுப்பினேன். "டிக்" இரண்டும் நீலமாகிவிட்டது, பதில் இல்லை.

ஆனால் பன்னிரண்டு பேர் என்றால் யாரை வெட்டுவது? மூன்று பேரின் அம்மாக்கள் கோயில் மகளிர் பிரிவில் இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளை நான் வெட்டினால் அடுத்த கூட்டத்தில் என்னை வெட்டுவார்கள். பஸ்ஸுக்கு முன்பணம் வேறு கொடுத்தாகிவிட்டது.

அம்மா விஷயத்துக்கு யாராவது பதில் சொல்லுங்கள். அவர் இப்போதே வாசலில் காலையும் மாலையும் நடக்கத் தொடங்கிவிட்டார்.


டிரசர்_மகள்:

அப்பா தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்தவர், நான் அரசுக் கிளினிக்கில் தாதி. அம்மா பற்றி நான் சொல்கிறேன் தங்கச்சி.

வயதை வைத்து முடிவு செய்யாதே. எந்த மாத்திரை என்று பார். மெட்ஃபோர்மின் மட்டும் என்றால், நடந்து நடந்து சர்க்கரை திடீரென்று இறங்குகிற ஆபத்து குறைவு. கிளிக்லசைட் மாதிரி மாத்திரையோ இன்சுலினோ எடுத்தால், நீண்ட நேர ஏற்றத்தில் சர்க்கரை நன்றாக இறங்கிவிடலாம். அதனால் போவதற்குச் சில வாரம் முன்பே அடுத்த கிளினிக் வருகையில் டாக்டரிடம் "எட்டு ஒன்பது மணி நேரம் மலையில் நடக்கப் போகிறேன்" என்று தெளிவாகச் சொல்லட்டும். மருந்து அளவை டாக்டர்தான் மாற்ற வேண்டும், நாமாகக் குறைக்கக் கூடாது. பாதத்தையும் பார்க்கச் சொல். உணர்ச்சி குறைந்த பாதத்தில் கொப்புளம் வந்தால் தெரியாது, அப்புறம் அது புண்ணாகிவிடும். டாக்டர் சரி என்றால் முதலில் கிளுவாங் குனோங் லம்பாக் ஏறிப் பார்க்கட்டும். 510 மீட்டர்தான். அங்கேயே மூச்சு வாங்கினால் லேடாங்கை அடுத்த வருடம் பார்க்கலாம். போகிற நாளில் குளுக்கோஸ் மிட்டாய் அவர் பையில் ஒன்று, கூட நடக்கிறவர் பையில் ஒன்று. நடுக்கம், வியர்வை, பேச்சு குழறல் என்றால் என்ன செய்ய வேண்டும் என்று கூட நடக்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மற்றவர்களுக்கு: ஓடைத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அப்படியே குடிக்கக் கூடாது. எலிச் சிறுநீர் காய்ச்சல் என்று நாம் சொல்வது சிராய்ப்பு, வெட்டுக்காயம் வழியாகவும் ஏறும். கிராணி ஐயா குப்பை பற்றி எழுதியதோடு இதைச் சேர்த்துப் படியுங்கள். சோற்றுப் பருக்கையும் பழத்தோலும் கிடக்கிற இடத்துக்குத்தான் எலி வரும், மழை வந்தால் எல்லாம் ஓடைக்குப் போகும். காலில் காயம் இருந்தால் நீர்புகாத பிளாஸ்திரி ஒட்டிக்கொள்ளுங்கள். திரும்பி வந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் கிளினிக்கில் முதல் வார்த்தையாக "மலைக்குப் போனேன், ஆற்றில் இறங்கினேன்" என்று சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் பனடோல் வாங்கிக்கொண்டு போகிறவர்கள்தான் எங்களுக்குக் கவலை.

வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தாலும் ஆள் சுருண்டுவிடும். உப்புக் கரைசல் பொட்டலம் ஆளுக்கு இரண்டு. அட்டை கடித்தால் உப்பும் நெருப்பும் வைக்காமல், வாய்ப்பக்கம் நகத்தால் நெம்பித் தள்ளுங்கள்.

யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். மேலே கழிப்பறை வசதியை எதிர்பார்க்காதீர்கள். காட்டுக்குள் ஒதுங்கினால் தண்ணீரிலிருந்து எழுபது எட்டு தள்ளி, ஒரு சாண் குழி தோண்டி மூட வேண்டும். ஒரு சின்ன மண்வாரி கூட்டத்துக்கு ஒன்று போதும். ஈர டிஷ்யூவில் பிளாஸ்டிக் இழை இருக்கிறது, புதைத்தாலும் மக்காது. பெண் பிள்ளைகள் நாப்கினை இரட்டைப் பையில் கட்டித் திருப்பிக் கொண்டுவர வேண்டும். பையில் காய்ந்த தேயிலைத் தூள் கொஞ்சம் போட்டால் வாடை தெரியாது. கறுப்புப் பையாகக் கொடுத்து, முதல் நாளே அவர்களை மட்டும் தனியாகக் கூப்பிட்டுப் பேசிவிடு. பையன்கள் முன்னால் பேசினால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.


ஐந்தாம்_லயத்துப்_பையன்:

எல்லாரும் நல்ல மனசோடுதான் எழுதுகிறீர்கள். எனக்கு ஒரு விஷயம் உறுத்துகிறது.

நானும் தோட்டத்தில் வளர்ந்தவன். பால்மரக் காட்டு மேட்டில் நின்றால் லேடாங் நீலமாகத் தெரியும். பள்ளி முடிகிற வரைக்கும் அங்கே என்னை யாரும் கூட்டிப் போனதில்லை. இப்போது 17 பிள்ளைகள் வருகிறோம் என்கிறார்கள், நாம் பட்டியலை வெட்டச் சொல்கிறோம். வெட்டுப்படுவது யார்? மெதுவாக நடக்கிறவன், குண்டுப் பையன், கேள்வி கேட்கப் பயப்படுகிற பெண் பிள்ளை. எப்போதும் அவர்கள்தான். நன்றாக ஓடுகிறவன் எப்படியும் என்றைக்காவது ஏறிவிடுவான்.

இன்னொன்று. கிராணி "சாதாரண நாள்" என்கிறார். குலை வெட்டுகிற ஆறு பேருக்கும் அது சம்பளம் போகிற நாள். மலேசியா தினம் சம்பளத்தோடு லீவு. அவர்கள் வராவிட்டால் பிள்ளைகளை ஏணியில் பிடித்து ஏற்றிவிட வேறு யார் இருக்கிறார்கள், கடைக்கார நாலு பேரா?

ஒரே நாளில் 28 வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். இரண்டு ஞாயிறு, இரண்டு கூட்டம். முதல் கூட்டம் போய்விட்டு வந்து இரண்டாவது கூட்டத்துக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். எது கனம், எது தேவைப்படவில்லை என்று அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். ஏற விருப்பம் இல்லாதவர்கள் சிலர் பட்டியலில் கட்டாயம் இருப்பார்கள், நண்பன் பெயர் போட்டான் என்று தானும் போட்டவர்கள். அவர்களைத் தனியாகக் கேட்டால் உண்மையைச் சொல்வார்கள்.


பழைய_கிராணி:

சம்பளக் கணக்கு நியாயம் தம்பி. ஞாயிறே இருக்கட்டும், நீண்ட வாரயிறுதியும் பள்ளி விடுமுறையும் இல்லாத ஞாயிறாகப் பாருங்கள். இரண்டு கூட்டம் என்பதும் எனக்குச் சம்மதம்.

மெதுவாக நடக்கிறவனைக் கழிக்கச் சொல்லவில்லை. அவனை முன்னால் விடுங்கள், வழிகாட்டிக்கு அடுத்த இடம் அவனுக்கு. வேகமாக நடக்கிறவன் கடைசியில் வரட்டும், துள்ளுவான், பரவாயில்லை. 28 பேரில் இதைச் செய்ய முடியாது. பன்னிரண்டில் முடியும். வெட்டுக்கார அண்ணன்களை மூன்று மூன்றாகப் பிரித்து ஒருவரை எப்போதும் கடைசி ஆளாகப் போடுங்கள். அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. ஏணிக்கு ஏணி ஆள் எண்ண வேண்டும்.


பொருளாளர்_ஜெமெந்தா:

தலைவர் பேசினார்! முதலில் கோபம். அப்புறம் அந்த 140 மூடிக் கணக்கை மறுபடி படித்துவிட்டுச் சிரித்தார். இப்போதைய முடிவு இது.

ஐந்தாம் லயத்து அண்ணன் சொன்ன மாதிரி ஒவ்வொருவராகத் தனியாகக் கேட்டேன். ஐந்து பேர் ஏற விரும்பவே இல்லை, அதில் இருவர் கடைக்காரர்கள். அவர்கள் கீழே இருந்து பொருள்களைப் பார்த்துக்கொள்வார்கள், இறங்கி வருகிறவர்களுக்குச் சுடச்சுடத் தேநீர் போடுவார்கள். சாக்கு வாங்கித் தந்தால் அருவிப் பக்கம் கிடப்பதையும் பொறுக்குவதாக அவர்களே சொன்னார்கள். மீதி 23 பேர். முதல் ஞாயிறு 12, மூன்று வாரம் கழித்து 11. பூங்கா ஆபீசுக்குப் போன் செய்தேன், நாள் கேட்டிருக்கிறேன், பெயர்ப் பட்டியலும் அடையாள அட்டை எண்களும் அனுப்ப வேண்டும்.

பஸ்காரர் முன்பணத்தைத் திருப்பித் தரமாட்டார், ஆனால் அதையே பள்ளி வேன் இரண்டு தடவைக்குக் கழித்துக்கொள்கிறேன் என்றார். பேனர் இல்லை. சூடம் கோயிலில். ஆரஞ்சு சட்டையை மட்டும் தலைவர் விடவில்லை. காட்டுக்குள் ஆளைத் தேட வசதி என்கிறார். அது எனக்கும் சரியாகத்தான் படுகிறது. சமையல்கார அக்காவுக்குப் பிரியாணி போனதில் வருத்தம், 12 பேருக்குப் புளிச்சாதத்தை வீட்டுத் தூக்குகளிலேயே போட்டுத் தருகிறார்.

அம்மா எடுப்பது கிளிக்லசைட். அடுத்த மாதம் கிளினிக் இருக்கிறது, அதற்குப் பிறகு லம்பாக். அதுவரை அவர் பெயரை இரண்டாவது கூட்டத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறேன். பேனாவால் எழுதச் சொல்லிச் சண்டை.

சிங்கம் அண்ணே, சப்பாத்து எங்கே கிடைக்கும்? எங்கள் கடையில் 6, 7 அளவு மட்டும்தான் இருக்கிறது. வெட்டுக்கார அண்ணன்களுக்கு 10 வேண்டும்.


சிகாமட்_சிங்கம்:

சிகாமட்டில் இரும்புச் சாமான் விற்கிற கடைகளில் கேளுங்கள், இல்லாவிட்டால் தங்காக். துணி வாங்கத் தங்காக் போகாத தோட்டத்துக் குடும்பம் உண்டா, மகளிர் பிரிவில் யாராவது இந்த வாரமே போவார்கள். ஒன்பதை வாங்கிவிட்டுப் பழகினால் விரியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது விரியாது.


பழைய_கிராணி:

12 பேருக்குப் புளிச்சாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். வழிகாட்டி என்ன சாப்பிடுவார்? அவரிடம் போனில் கேட்டு, அவருக்கும் தண்ணீர், சாப்பாடு, முட்டை உட்பட, பட்டியலைத் திருத்துங்கள்.